பழைய ட்ரெய்லர் வீட்டைப் புதுப்பித்தல்: கூரையிலிருந்து எடை மேடை வரை

கேரவன் என்றதும் நம் பக்கத்தில் பலருக்கும் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் குளிரூட்டிய வண்டிதான் நினைவுக்கு வரும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அன்று. தனக்கென எஞ்சின் இல்லாமல் வேறொரு வண்டியின் பின்னால் கட்டி இழுக்கப்படும், உள்ளே படுக்கையும் அடுப்பும் கொண்ட பழைய ட்ரெய்லர் வீட்டைப் பற்றியது. இங்கிலாந்தில் 1885-இல் குதிரை இழுப்பதற்காகக் கட்டப்பட்ட ‘வாண்டரர்’ வண்டியும், அமெரிக்காவில் 1930-களில் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் ரிவெட் அடித்துச் செய்த அலுமினிய வண்டிகளும் இந்த வகையின் பெயர்பெற்ற முன்னோர்கள். டெல்டாவில் என் கைக்குக் கிடைத்தது அவ்வளவு அழகானதன்று. பணியிடத்தில் ஊழியர் தங்குவதற்காக யாரோ செய்து, பயன் முடிந்ததும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்ட வண்டி அது: ஐந்து மீட்டர் நீளம், சதுரக் குழாயில் சட்டம், வெளியே அலுமினியத் தகடு, உள்ளே ஊறிப்போன ஒட்டுப்பலகை. மன்னார்குடி சாலையிலிருந்து டிராக்டரில் கட்டி அதை நீடாமங்கலத்துக்குக் கொண்டுவந்தபோது, வழியிலேயே ஒரு சன்னல் கழன்று விழுந்தது.

முதல் ஆண்டில் நான் செய்த தவறு, புதிதாகத் தொடங்கும் பெரும்பாலோர் செய்யக்கூடியதே. கண்ணுக்குத் தெரியும் வேலையை முதலில் எடுத்துக்கொண்டேன். சித்திரையில் அலமாரியும் கட்டிலும் செய்து, உள்சுவருக்கு வண்ணம் அடித்து, மெத்தையும் போட்டு முடித்தேன். ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் பெய்ததில், கூரை மூலையில் விரல் நுழையாத ஓர் இடுக்கு வழியாக இறங்கிய தண்ணீர், சுவருக்குள்ளேயே நடந்து கட்டிலுக்கு அடியில் தேங்கியது. தை மாதம் பலகையைத் தூக்கிப் பார்த்தபோது அது அப்பளம் போல ஏடு ஏடாகப் பிரிந்தது. பாசன வாய்க்கால் வெட்டும்போதே வடிகாலையும் யோசிக்கிற ஊரில் பிறந்துவிட்டு, இந்தப் பாடத்தை ஒரு தகரப் பெட்டியிடம் படிக்க வேண்டியிருந்தது. ஆகவே கீழே தலைப்புகள் சற்று முன்பின்னாக வந்தாலும், வேலைகளை இந்த வரிசையை மாற்றாமல் செய்வது நல்லது: மழையை நிறுத்துவது, சட்டத்தையும் தரையையும் திடமாக்குவது, கம்பியும் குழாயும் ஓட்டுவது, வெப்பத் தடுப்பு வைப்பது, மரவேலை செய்வது. அழகுக்கான வேலை அனைத்துக்கும் கடைசியில்.

வாங்கும் முன்

வண்டியைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் ‘மோட்டார் வாகனம்’ என்பதற்குத் தரும் வரையறையில் ட்ரெய்லரும் அடங்கும். ஆகவே இழுக்கும் வண்டிக்குப் பதிவு இருப்பது போதாது, இழுபடும் வண்டிக்கும் வேண்டும். அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களோடு பொருந்தாத வகையில் வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. சேஸி எனப்படும் அடிச்சட்டத்தில் பொறித்த எண் அழிந்துபோன, பதிவுச் சான்று காணாமல்போன வண்டியை ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று வாங்குவது தோட்டத்தில் நிறுத்தி வைப்பதற்கு மட்டுமே உதவும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குச் சேஸி எண்ணோடு சென்று, என்ன மாற்றம் செய்ய எண்ணுகிறீர்கள் என்பதையும் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

பிறகு வண்டியின் அடியில் படுத்துப் பாருங்கள். மேலே உள்ள ஓட்டைகளையெல்லாம் சரிசெய்துவிடலாம். சேஸியின் முக்கியக் கம்பி துருவால் மெலிந்திருந்தால் அந்த வண்டி வேண்டாம். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மொத்தென்று ஒலிப்பதோடு ஏடாகவும் உதிரும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் நின்ற வண்டியானால் இந்தச் சோதனையை இரு மடங்கு நேரம் செய்யுங்கள். ஸ்பிரிங் பட்டைகளில் விரிசல் உண்டா, அவற்றைப் பிடிக்கும் யூ போல்ட் இறுகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது என்று பொருள். ஓடாமல் வெயிலில் நின்ற டயர், பூ தேயாமலே செத்துப்போகும்; ஆறேழு ஆண்டு கடந்திருந்தால் மாற்றிவிடுவதே சரி.

உள்ளே நுழைந்ததும் கண்ணைவிட மூக்கையும் விரலையும் நம்புங்கள். புழுங்கல் நெல் மக்கியது போன்ற வாடை வந்தால் எங்கோ ஈரம் உண்டு. சன்னலின் கீழ் மூலைகள், கூரையும் சுவரும் சேரும் இடம், சக்கரக் கூட்டின் சுற்றுப்புறம் ஆகியவற்றில் ஸ்க்ரூ டிரைவர் முனையை அழுத்திப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அங்கே மரம் இல்லை, மரத்தின் தோற்றம்தான் மிச்சம். விற்பவர் புதிதாகப் பெயின்ட் அடித்துவைத்திருக்கும் மூலையைத்தான் முதலில் குத்த வேண்டும்.

பிரித்தெடுத்தல்

அறுவடை முடிந்த தை, மாசி இதற்கு ஏற்ற காலம். பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய ஒவ்வொரு துண்டின் பின்னாலும் எண் எழுதுங்கள். அழுகிய பலகையைத் தூக்கி எறியாதீர்கள். புதுப் பலகை வெட்டுவதற்கு அதுதான் அளவு. இந்த வண்டிகளின் சுவர்கள் செங்கோணத்தில் இருப்பதில்லை. டேப்பை வைத்து அளந்து வெட்டிய என் முதல் பலகை ஒரு பக்கம் இடித்தது, மறுபக்கம் இரண்டு விரல் இடைவெளி விட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய வண்டிகளின் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். தரை ஓட்டிலும் அடுப்பின் பின்புறத் தடுப்பிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்க்காமல் நனைத்துத் தேய்ப்பதும், துணியை முகத்தில் கட்டாமல் நுண்துகள் வடிகட்டும் முகக்கவசம் அணிவதும் கட்டாயம். ஆஸ்பெஸ்டாஸ் என்று ஐயம் வந்தால் உடைக்காமல் விட்டுவிட்டு அனுபவமுள்ளவரை அழையுங்கள். அதேபோல வெளிநாட்டு வண்டிகளில் எரிவாயுவில் ஓடும் பழைய குளிர்பெட்டி இருந்தால் அதன் குழாயை வெட்டாதீர்கள். அதற்குள் அம்மோனியா அழுத்தத்தில் இருக்கிறது.

மழையை வெளியே நிறுத்துதல்

எனக்கு உதவிய ஆசாரி ஒருவர் சொன்னது: “தம்பி, ஆணி அடிக்கிறது பெரிய வேலை இல்ல, அடிச்ச ஓட்டைய மழைக்குத் தெரியாம மறைக்கிறதுதான் வேலை.” கூரையில் உள்ள ஒவ்வொரு திருகும், ரிவெட்டும், காற்றுப்போக்கியின் விளிம்பும் ஒரு மதகு என்று எண்ணிக்கொண்டு வேலையைத் தொடங்கலாம்.

முதலில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் உள்ளே விளக்கோடு உட்கார, மற்றவர் வெளியே தோட்டக் குழாயால் சாதாரண வேகத்தில் தண்ணீர் விட வேண்டும். கீழிருந்து மேலாக நகர வேண்டும் என்பதே இதில் உள்ள நுட்பம். முதலில் தரையை ஒட்டிய இணைப்பு, பிறகு சன்னலின் கீழ்விளிம்பு, பக்கவிளிம்பு, மேல்விளிம்பு, கடைசியில் கூரை. ஒவ்வோர் இடத்திலும் கால் மணி நேரம் பொறுமையாக நில்லுங்கள். மேலிருந்து தொடங்கினால் வழிந்து வரும் தண்ணீர் எல்லா ஓட்டைகளிலும் ஒன்றாக நுழையும். எது எங்கே என்று பிரித்தறிய முடியாது. வாகனம் கழுவும் அழுத்தக் குழாயைப் பயன்படுத்தவே கூடாது. அது நல்ல இணைப்பையும் பிளந்துவிடும். உள்ளே சொட்டும் இடம் ஓட்டைக்கு நேர் கீழே இருக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். என் வண்டியில் இரண்டுக்கும் இடையே ஒன்றரை மீட்டர்.

அடைப்பதற்கு முன் பழைய பூச்சு முழுவதையும் சுரண்டி எடுங்கள். சிலிக்கான் பூசியிருந்தால் இது எரிச்சலூட்டும் வேலை. ஆனால் அதன் மிச்சத்தின் மேல் வேறெதுவும் ஒட்டாது என்பதால் தப்பிக்க வழியில்லை. வீட்டுக் குளியலறைக்கு விற்கும் சிலிக்கான் ட்யூபை வண்டிக்கு வாங்காதீர்கள் என்று சொல்வதற்கும் இதுவே காரணம். சன்னல் சட்டத்துக்கும் கூரைப் பொருத்துகளுக்கும் அடியில் பியூட்டைல் நாடா என்ற ஒட்டும் ரப்பர் பட்டை, இணைப்புகளின் மேல் பாலியூரிதேன் சீலன்ட் என்ற அடைப்புப் பசை என்று இரண்டையும் பயன்படுத்தலாம். பாலியூரிதேன் காற்றின் ஈரத்தை உறிஞ்சியே இறுகும். ஆகவே நம் ஊர்க் காற்று அதற்கு உதவிதான். ஆனால் பூசும் பரப்பு எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். உச்சிவெயிலில் தகடு விரிந்திருக்கும்போது பூசாமல் காலையில் பூசுங்கள்.

கரூர் பஸ் பாடி கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். ட்ரெய்லர் வீட்டுக்கென்று தனிக் கடை நம் பக்கத்தில் இல்லாவிட்டாலும், பஸ்ஸுக்கு வேண்டிய அலுமினியத் தகடு, ரிவெட், சன்னல் ரப்பர் பீடிங், கண்ணாடி ஓடும் சட்டம் யாவும் உங்களுக்கும் பொருந்தும். திருச்சிப் பக்கம் போகும்போது ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாம். ரிவெட் வாங்கும்போது முனை மூடிய வகையைக் கேளுங்கள். சாதாரண பாப் ரிவெட்டின் நடுவில் தண்ணீர் இறங்கும். அலுமினியத் தகட்டில் இரும்புத் திருகு போடாதீர்கள். இரு வேறு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்தால் அங்கே மின்வேதியரிப்பு நிகழ்ந்து, திருகைச் சுற்றியுள்ள அலுமினியம் வெள்ளை மாவாகும். இரும்புச் சட்டத்தின் மேல் அலுமினியம் உட்காரும் இடத்திலும் இதே ஆபத்து உண்டு; இரண்டுக்கும் நடுவில் பிரைமரும் நாடாவும் தடையாக வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் மறுபடியும் தண்ணீர் விட்டுச் சோதியுங்கள். உள்சுவரை மூடாமல் இரண்டு கோடை மழையாவது நனைய விட்டால் மனத்துக்கு நிம்மதி. தென்னங்கீற்றுக் கொட்டகையில் வைத்துக்கொண்டு ‘ஒழுகவில்லை’ என்று மகிழ்வதில் பயனில்லை. கொட்டகை என்றதும் ஒன்று: 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது இந்தப் பக்கத்தில் தென்னைகள் எத்தனை சாய்ந்தன என்று எல்லோருக்கும் தெரியும். வண்டியைத் தென்னைக்கு அடியில் நிறுத்தாதீர்கள். புயல் இல்லாத நாளிலும் ஒரு தேங்காய் போதும்.

தரையும் வெப்பத் தடுப்பும்

தரைக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ஒட்டுப்பலகையை வாங்குங்கள், ஐ.எஸ். 303 என்பது உள்வீட்டுப் பொதுப் பயனுக்கானது. முத்திரை பலகையின் மீதே இருக்கும். கடைக்காரர் வாயில் மட்டும் இருந்தால் போதாது. எட்டுக்கு நான்கு அடியில் 12 மி.மீ. பலகை ஒன்று ஏறத்தாழ 23 கிலோ, 18 மி.மீ. என்றால் 35 கிலோ. சட்டங்கள் நெருக்கமாக இருந்தால் 12 மி.மீ. தாங்கும். மரைன் பலகையிலும் தண்ணீர் நுழையும் வழி அதன் வெட்டு விளிம்பே. ஆகவே வெட்டிய ஒவ்வொரு விளிம்புக்கும், துளையிட்ட ஒவ்வொரு துளைக்கும் எபாக்ஸி பூசிய பிறகே பொருத்த வேண்டும். சேஸிக்குத் துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அல்லது ஜிங்க் பிரைமர் அடித்து, மேலே பெயின்ட் அடிக்கும் வேலையைத் தரை திறந்திருக்கும் இந்த நேரத்தில் முடித்துக்கொள்ளுங்கள். இனி அந்த இடத்தை எட்ட முடியாது.

குளிர் நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டிகளைப் படிப்பவர்கள் வெப்பத் தடுப்பில் ஏமாறுவார்கள். அங்கே உள்ளே சூடு, வெளியே குளிர். ஈரம் உள்ளிருந்து வெளியே போக முயலும், ஆகவே ஈரத்தை மறிக்கும் ஆவித் தடுப்பு உள்பக்கம் வரும். இங்கே ஏசி போட்டால் நிலைமை தலைகீழ்: வெளியிலிருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த உள்சுவரைத் தேடி வந்து அதன் பின்னால் வியர்க்கும். எனவே ஆவித் தடுப்பு வெளித்தகட்டின் பக்கம் இருக்க வேண்டும். கண்ணாடி நார்ப் பஞ்சு ஈரத்தைப் பிடித்துவைப்பதால் டெல்டாவுக்கு ஆகாது, எக்ஸ்.பி.எஸ். எனப்படும் அடர்ந்த நுரைப்பலகையை இடைவெளியின்றித் தகட்டோடு ஒட்டுவதே நல்லது. தெர்மாக்கோலோ எக்ஸ்.பி.எஸ்.ஸோ, சாதாரண ரப்பர் பசை அதைக் கரைத்துவிடும். நுரைக்கென்றே விற்கும் பசை தேவை. மின்கம்பியின் பி.வி.சி. உறை இந்த நுரையைத் தொட்டுக்கொண்டே கிடந்தால், உறையை மிருதுவாக வைக்கும் பொருள் நுரைக்குள் இறங்கி, சில ஆண்டுகளில் உறை வறண்டு வெடிக்கும். கம்பியைக் குழாய்க்குள் ஓட்டுவதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம் எலி. அறுவடை முடிந்து வயலில் நெல் இல்லாமல் போனதும் எலிக்கு உங்கள் வண்டிதான் வீடு. அடித்தரையில் விரல் நுழையும் துளை எதுவும் துருப்பிடிக்காத கம்பி வலை இல்லாமல் இருக்கக் கூடாது.

கூரையின் மேல் வெள்ளை நிறம் அடிப்பது எந்தக் கருவியையும் விட மலிவான குளிர்ச்சி.

மின்சாரம்

வண்டிக்குள் இரண்டு மின்னமைப்புகள் இருக்கும்: பேட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட், வெளி இணைப்பிலிருந்து வரும் 230 வோல்ட். இவை இரண்டும் ஒரே குழாயில் செல்லக் கூடாது. ஒரே நிறக் கம்பியில் இருக்கக் கூடாது. வண்டி அமெரிக்காவில் செய்தது என்றால் அதன் பழைய சாதனங்கள் 120 வோல்ட்டுக்கானவை. நம் பிளக்கில் செருகினால் புகைதான்.

எவ்வளவு தேவை என்ற கணக்கிலிருந்து தொடங்குங்கள். 30 வாட் மின்விசிறி இரண்டு, பத்து மணி நேரம்: 600 வாட் மணி. 5 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு, ஐந்து மணி நேரம்: 100. 45 வாட் சிறு கம்ப்ரசர் குளிர்பெட்டி, நாளில் பாதி நேரம் ஓடினால்: 540. 60 வாட் தண்ணீர் பம்பு கால் மணி நேரம்: 15. கைப்பேசி, மடிக்கணினி: 100. கூட்டினால் ஒரு நாளுக்கு 1355 வாட் மணி. 12.8 வோல்ட், 200 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 2560 வாட் மணியைத் தாங்கும். அதில் எண்பது விழுக்காட்டைப் பயன்படுத்தினாலும் ஒன்றரை நாள் ஓடும். வீட்டு இன்வர்ட்டரின் டியூப்லர் பேட்டரி விலை குறைவுதான். ஆனால் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் குறையும், எடை ஐம்பது கிலோவைத் தாண்டும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவிடும். அதைப் படுக்கைக்கு அடியில் மூடிவைப்பது உயிரோடு விளையாடுவது.

சூரியத் தகடு 400 வாட் என்று வைத்துக்கொண்டு, நல்ல வெயில் நாலரை மணி நேரம், இழப்புகள் போக முக்கால் பங்கு என்று கணக்கிட்டால் 1350 வாட் மணி கிடைக்கும். அதாவது வரவும் செலவும் ஏறக்குறைய சமம். கார்த்திகை அடைமழையில் இது நடக்காது. அப்போது வெளி இணைப்பைத் தேட வேண்டும். ஏசி வேண்டுமானால் அதுவும் வெளி இணைப்பில் மட்டுமே.

கம்பியின் பருமனில்தான் புதியவர்கள் சிக்குகிறார்கள். ஆற்றில் தண்ணீர் திறந்தும் கடைமடைக்கு வந்து சேராத கதை நமக்குத் தெரியாததன்று. 12 வோல்ட்டில் அதுவே நடக்கும். 60 வாட் பம்பு 5 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து ஆறு மீட்டர் தள்ளி இருந்தால், போக வர பன்னிரண்டு மீட்டர் கம்பி. 2.5 சதுர மி.மீ. கம்பியானால் வழியிலேயே ஏறத்தாழ 0.44 வோல்ட் தொலையும். 4 சதுர மி.மீ. என்றால் 0.28 வோல்ட்தான். 230 வோல்ட்டில் அரை வோல்ட் போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். 12-இல் போனால் பம்பு முனகும், குளிர்பெட்டி நின்றுவிடும். ஓடும் வண்டி அதிரும் என்பதால் ஒற்றை இழைக் கம்பி முறியும். பல இழைச் செம்புக் கம்பியை, கைப்பிடி இடுக்கியால் நசுக்காமல் அதற்குரிய கிரிம்பிங் கருவியால், முனையில் லக் என்ற உலோக மூடி போட்டு இணைக்க வேண்டும்.

தலைமதகுபோல முதன்மை ஃப்யூஸ் ஒன்று பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதற்குப் பின் ஒவ்வொரு கிளைக்கும் தனி ஃப்யூஸ். ஃப்யூஸ் காப்பது சாதனத்தை அன்று, கம்பியை. ஆகவே கம்பி தாங்கும் அளவுக்குள் அது இருக்க வேண்டும். அடிக்கடி போகிறதே என்று பெரியதாக மாற்றினால் அடுத்துப் போவது வண்டி.

230 வோல்ட் பகுதியை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருங்கள். மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., ஒவ்வொரு கிளைக்கும் மிகைமின்னோட்டத்தில் துண்டிக்கும் எம்.சி.பி., வண்டியின் உலோக உடல் முழுவதும் எர்த் இணைப்பு ஆகிய மூன்றும் கட்டாயம். தகரச் சுவர், ஈரத் தரை, வெறுங்கால் மூன்றும் சேர்ந்த இடத்தில் எர்த் இல்லாத இணைப்பை நினைத்துப் பாருங்கள். தோட்டத்து மோட்டார் கொட்டகையிலிருந்து கம்பி இழுத்துக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். அங்கே எர்த் இருக்கிறதா என்று சோதித்த பிறகே செருகுங்கள். ஜெனரேட்டர் வைத்தால் சன்னலுக்குத் தள்ளியும் காற்றுப் போகும் திசையிலும் வையுங்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

தண்ணீர்

நூறு லிட்டர் தொட்டி என்றால் நூறு கிலோ. அதை அச்சுக்கு நேர் மேலே வையுங்கள். பின்கோடியில் வைத்தால் என்ன ஆகும் என்பது எடை மேடையில் தெரியும். உணவுத் தர பாலிஎத்திலீன் தொட்டி, தானே நின்று தானே ஓடும் அழுத்த சுவிட்ச் உள்ள 12 வோல்ட் டயாஃப்ரம் பம்பு, அதற்கு முன் ஒரு சல்லடை வடிகட்டி ஆகியவை போதும். வீட்டில் போடும் சி.பி.வி.சி. குழாய் அதிர்வில் ஒட்டுகளில் விரிசல் காணும். வளையும் பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குழாயே வண்டிக்குரியது. கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பாக இருப்பதால் வழியில் கிடைக்கும் தண்ணீரை முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கள்.

பாத்திரம் கழுவிய தண்ணீருக்கும் தொட்டி வேண்டும். அதை வாய்க்காலில் திறந்துவிடுவோருக்கு அந்த வாய்க்காலில் யார் குளிக்கிறார்கள் என்பது நினைவிருக்கட்டும். கழிப்பறையைப் பொறுத்தவரை, ஐந்து மீட்டர் வண்டியில் அது வேண்டாம் என்பதே என் கருத்து. வேண்டியே ஆக வேண்டும் என்றால் கழற்றி எடுத்துச் சென்று காலி செய்யும் பெட்டி வகை மட்டும்.

எரிவாயு

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது; தரையில் தேங்கும், படுத்திருப்பவர் மூக்கருகே. ஆகவே சிலிண்டர் வண்டிக்கு உள்ளே இருக்கக் கூடாது. வெளியிலிருந்து மட்டும் திறக்கும் தனிப்பெட்டியில், நேராக நிற்கும்படி, அடித்தளத்தில் காற்றுத் துளையோடு வைக்க வேண்டும். 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைத் தூக்கி வைப்பதைவிட 5 கிலோ சிலிண்டர் போதுமானது. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹோஸ், அச்சிட்ட காலம் முடிந்ததும் மாற்றம், இணைப்புகளில் சோப்பு நுரைச் சோதனை. தீக்குச்சி கொளுத்திச் சோதிக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் உண்டு. அவர்களை வண்டிப் பக்கம் விடாதீர்கள். வண்டி ஓடும்போது சிலிண்டர் மூடியிருக்க வேண்டும். கசிவு அறிவிப்பானைத் தரையை ஒட்டியும், புகை அறிவிப்பானைக் கூரையிலும், இரண்டு கிலோ உலர்பொடித் தீயணைப்பானைக் கதவருகிலும் பொருத்துங்கள். அடுப்பருகில் பொருத்தினால் தீயைத் தாண்டித்தான் அதை எடுக்க வேண்டியிருக்கும். தூண்டல் அடுப்பு வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு: 2000 வாட் அடுப்பு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 167 ஆம்பியர் இழுக்கும். வெளி இணைப்பு உள்ள இடத்தில் மட்டும் அது வசதி.

மரவேலை

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் ஆசாரிகள் அறிந்ததே. அவர்களுக்கு மூன்றைச் சொல்லிவிடுங்கள். வீட்டுக்குச் செய்வதைப் போல 18 மி.மீ. பலகையில் அலமாரி வேண்டாம்; மெல்லிய சட்டமும் 6 மி.மீ. பலகையும் போதும். கதவுகள் காந்தத்தால் நிற்காது, தாழ்ப்பாள் வேண்டும். கட்டில் பலகையில் காற்றுத் துளைகள் வேண்டும். இல்லையென்றால் மெத்தையின் அடியில் பூஞ்சை பிடிக்கும். நுரை மெத்தையைவிடத் தேங்காய் நார் மெத்தை காற்றோட்டமானது என்பது என் அனுபவம்.

எடை மேடையில்

சாலையில் இறங்குவதற்கு முன், நெல் லாரிகள் எடை போடும் மேடைக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். தண்ணீர், சிலிண்டர், பாத்திரம், மெத்தை என்று பயணத்தில் இருக்கும் எல்லாமும் உள்ளே இருக்க வேண்டும். முதலில் ட்ரெய்லரைக் கழற்றி முழுவதும் மேடையில் நிறுத்தி எடை பாருங்கள். 1400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பிறகு இழுக்கும் வண்டியோடு பூட்டி, ட்ரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்குமாறு நிறுத்துங்கள். 1230 என்றால், மிச்சம் 170 கிலோ இழுக்கும் வண்டியின் கொக்கியில் உட்கார்ந்திருக்கிறது. இது மொத்தத்தில் 12 விழுக்காடு. அமெரிக்க நடைமுறையில் 10 முதல் 15 வரை சரியான அளவு. குறைந்தால் பின்பாரம் கூடி, வேகத்தில் வண்டி பாம்புபோல நெளியத் தொடங்கும். அந்த நெளிவை ஓட்டுநரால் அடக்குவது அரிது. கூடினால் இழுக்கும் வண்டியின் முன்சக்கரம் இலேசாகித் திருப்பத்துக்குக் கட்டுப்படாது. என் வண்டியில் முதலில் 7 விழுக்காடுதான் வந்தது. பின்கோடியில் வைத்திருந்த தண்ணீர்த் தொட்டியை அச்சின் மேல் மாற்றியதும் சரியாயிற்று. இழுக்கும் வண்டியின் கையேட்டில் உள்ள இழுவை அளவையும் கொக்கியின் அளவையும் இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதல் ஓட்டத்துக்கு மன்னார்குடி போன்ற பக்கத்து ஊர் போதும், பகலில். கிளம்பும் முன் சக்கர பேரிங்குகளுக்குப் புது கிரீஸ் வைத்து, இழுக்கும் வண்டியிலிருந்து ஏழு முனை மின்இணைப்பு வழியே எரியும் பின்விளக்கு, பிரேக் விளக்கு, திருப்ப விளக்கு எல்லாம் எரிவதை ஒருவரை நிறுத்திப் பாருங்கள். பத்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுமூடியருகிலும் புறங்கையை மெல்லக் கொண்டுபோங்கள். எல்லாம் ஒரே அளவு சூடாக இருந்தால் போகலாம். ஒன்று மட்டும் தொட முடியாமல் கொதித்தால் பேரிங் இறுகியிருக்கிறது அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஓட்டாமல் அங்கேயே நிறுத்துங்கள். ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு சக்கர நட்டுகளை மறுபடியும் முறுக்கிப் பாருங்கள். என் வண்டியில் ஆறில் இரண்டு அரைச் சுற்று இறங்கின.

ஊர் திரும்பியதும் களிமண் தரையில் அப்படியே நிறுத்திவிடாதீர்கள். சக்கரத்துக்கு அடியில் பலகையோ செங்கல்லோ வைத்து, கூரைத் தண்ணீர் பின்பக்கம் வழியும்படி முன்முனையைச் சற்றுத் தூக்கி நிறுத்துங்கள்.